மெழுகுக்கு வந்த புற்றுநோய்

3 ஜூன் 2024
கணினி இன்றைக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பள்ளியில் நானே வாங்காத மார்க். மெழுகில் பதித்துச் சீவிய தோல் துண்டை அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்துக் கொடுத்தால் போதும்; புற்றுநோய் என்றால் சிவப்பு, இல்லையென்றால் நீலம் என்று அதுவே வண்ணம் பூசிவிடுகிறது. என் ஆராய்ச்சி வழிகாட்டி சூசைராஜ் சார் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். அதில் என் படத்தைவிட அவர் படம் பெரிது. ஆராய்ச்சி என்னுடையதல்லவா, அப்படித்தான் இருக்கும்.

9 ஜூன்
அத்தாவின் குதிகாலில் கருப்பாக ஒரு திட்டு. ஒரு வருடமாக இருக்கிறதாம்! பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. திண்டுக்கல் பேகம்பூர் தோல் மண்டியில் ஆட்டுத்தோலைத் தூக்கிப் பிடித்தே குறை சொல்லி விலையை இறக்குகிற மனிதர். சொந்தத் தோலுக்கு மட்டும் லீவு.

நாளைக்கு டாக்டர் ஐரினிடம் இழுத்துப் போகவேண்டும். என் ஆராய்ச்சிக்கு நோயில்லாத தோல் துண்டுகள் தருகிறவர் அவர்தான்.

13 ஜூன்
அத்தாவின் குதிகாலில் எடுத்த சதையில் ஒரு சீவலை டாக்டர் எனக்கும் கொடுத்தார். கணினியில் போட்டேன். நீலம். முழுக்க நீலம்! வீட்டில் பிரியாணி.

15 ஜூன்
டாக்டரின் ரிப்போர்ட் வந்துவிட்டது. மெலனோமா. தோல் புற்றுநோயிலேயே பொல்லாதது. இப்போதே வெட்டி எடுத்தால் தப்பிக்கலாம், தள்ளிப்போட்டால் பரவும் என்றார்.

அத்தா அசையவில்லை. "அம்புட்டுப் பெரிய மிஷினு ஒண்ணுமில்லன்னுருச்சு. டாக்டரம்மா வெட்டத்தான் சொல்லும். நான் மண்டிக்குப் போறேன்."

சூசைராஜ் சார், "டாக்டரும் மனுஷங்கதானேம்மா, தப்பு நடக்கும்" என்கிறார். கணினிக்கு நடக்காது. ஃபிளெக்ஸ் வேறு வைத்தாயிற்றே.

16 ஜூன்
யாரைத்தான் நம்புறது? நான் பழக்குன கணினிய நானே —

18 ஜூன்
கிறுக்குப் பிடித்து, தோலே இல்லாத வெறும் மெழுகை வைத்துப் படமெடுத்தேன். மதுரை மெழுகு சிவப்பு. திண்டுக்கல் மெழுகு நீலம்.

என் புற்றுநோய்த் துண்டுகள் எல்லாம் மதுரையிலிருந்து வந்தவை. நல்ல தோல் எல்லாம் திண்டுக்கல்லில் ஐரின் டாக்டர் கொடுத்தது. இரண்டு ஊரிலும் வேறு வேறு மெழுகு. கணினி தோலைப் பார்க்கவே இல்லை. மெழுகைப் பார்த்துத்தான் அத்தனை மார்க்கும். மெழுகைக் கரைத்துவிட்டுப் படமெடுப்பது கூடுதல் வேலை என்று அப்படியே விட்ட மேதை நான்தான்.

மதுரையில் காட்டியிருந்தால் அத்தாவுக்குச் சிவப்பு வந்திருக்கும்.

19 ஜூன்
சாரிடம் சொன்னேன். "அடுத்த மாசம் கருத்தரங்கு முடியட்டுமேம்மா" என்றார். அதுவரை பரவாதே என்று அத்தாவின் குதிகாலிடமும் சொல்லிவைக்கிறேன் சார்.

நேரே மண்டிக்குப் போனேன். தோல் அடுக்கின் மேலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஆட்கள் எல்லார் முன்னாலும் சொன்னேன். "அத்தா, இது வெறும் மெழுகு. இதுக்கும் கேன்சருங்குது. எம் மிஷினு சொன்னது பொய். தப்புப் பண்ணிட்டேன். வாங்க அத்தா." அழுதுவிட்டேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

2 ஜூலை
வெட்டி எடுத்தாயிற்று. பரவவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் அத்தா, "மெழுகுக்கே கேன்சர் கண்டுபிடிச்ச புள்ள எம்புள்ள பர்ஹானா" என்கிறார். இதைத்தான் ஃபிளெக்ஸில் போட்டிருக்கவேண்டும்.

21 செப்டம்பர்
எல்லாத் துண்டுகளிலும் மெழுகைக் கரைத்து, கணினிக்கு முதலிலிருந்து கற்றுக் கொடுத்தேன். இப்போது எழுபத்தொன்பது. சூசைராஜ் சார் அளவாகப் பேசுகிறார்.

அத்தாவின் பழைய சீவலையும் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். விந்தி விந்தி வந்து உட்கார்ந்தார். மண்டியில் குறையைத் தொட்டுக் காட்டுகிற விரலால் அந்தச் சிவப்பைத் தொட்டார்.

"இப்பவாச்சும் தோலப் பாக்குதா?"

"பாக்குது அத்தா."