அரக்கனுக்கு வைத்த முகம்

திருப்புலிவனம்
14-2-1961

என் அன்பு மகன் தானியேலுக்கு அம்மா சிட்டம்மாள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் தங்கை அம்முலுவும் சுகமாக இருக்கிறோம், அவளுக்கு வந்த இருமல் போன வாரமே விட்டுவிட்டது. பம்பாயில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ வேலை செய்கிற கம்பெனியின் பொம்மைப் படம் தமிழ் பேசிக்கொண்டு உத்திரமேரூர் டெண்ட் கொட்டகைக்கு வந்துவிட்டது. நான் சினிமா பார்க்கிறவள் இல்லை. 'அண்ணன் வரைஞ்ச படம்மா, வா' என்று அம்முலு கையைப் பிடித்து இழுத்தாள், பக்கத்து வீட்டு முனியம்மாளும் கிளம்பினாள், சனிக்கிழமை சாயங்கால ஆட்டத்துக்கு நடந்தே போய் மணலில் உட்கார்ந்தோம். ஏரிக்கு அடியில் செத்தவர்கள் ஊர், அவர்கள் பேரைப் பிடுங்கிப் பானையில் போட்டு மூடுகிற அரக்கன், பேர் போனவர்கள் மீனாகிவிடுகிறார்கள், அப்பனைத் தேடி ஒரு பெண் தண்ணீருக்குள் இறங்குகிறாள், இதுதானே கதை. அந்த அப்பன் திரையில் வந்ததும் முனியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு காது கேட்காமல் உன் நைனா தலையை இடது பக்கம் சாய்ப்பாரே, அப்படியே சாய்த்தார். ஒரு போட்டோகூட எடுக்காமல் போன மனுஷன், பன்னிரண்டு வருஷம் கழித்து என் எதிரில் நடந்து வந்தார். நாலு வயசில் அவரை இழந்த அம்முலு 'இவருதான் நைனாவாம்மா' என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பிறகு அரக்கன் வந்தான். மூக்கோரம் மரு, இரண்டு தங்கப் பல், சிரிக்கும் முன் தொந்தியைத் தடவிக்கொள்கிற வழக்கம். முனியம்மாள் 'அடியே, இது நம்ம பெரிய வூட்டு வேதாசலம்டி' என்று கத்திவிட்டாள், கொட்டகையே சிரித்தது. பின்னால் நாற்காலியில் அவனே குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தான். 'தாத்தா, நீ படத்துல கீற' என்று பேத்தி கைகொட்டினாள். பாதியில் எழுந்து போனான். எனக்குச் சந்தோஷம், மகனே, பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் கோயிலில் முழங்கால் போட்டபோதும் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஐப்பசி மழையில், மாட்டிக்கொண்ட மதகுப் பலகையை எடுக்கச் சொல்லி உன் நைனாவை ஏரிக்குள் இறக்கியவன் அவன். விசாரிக்க வந்தவர்களிடம் 'ஏசுதாஸா? அப்பிடி யாரும் என்கிட்ட வேலை செய்யல, குடிச்சிட்டு வுழுந்திருப்பான்' என்றவனும் அவன். சொட்டுக் கள் தொடாத மனுஷனைக் குடிகாரன் என்று எழுதித்தானே புதைக்கக் கொடுத்தார்கள். பதினைந்து வயசில் நீயும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாய்.

இப்போது அவன் வண்டி தெருவில் போனால் பிள்ளைகள் 'பானை அரக்கன்' என்று கூவுகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை காலையில், பிறந்ததிலிருந்து சேரிக்குள் கால் வைக்காதவன் நம் வாசலுக்கு வந்தான். 'உன் பையனுக்கு எழுது, அந்த மூஞ்சிய எடுக்கச் சொல்லு, உன் பொண்ண டீச்சர் டிரெயினிங்ல சேத்து வுடறேன்' என்றான். 'எந்தப் பையன், ஆண்ட? ஏசுதாஸுன்னு ஒரு ஆளே உங்ககிட்ட இல்லன்னீங்களே, இல்லாத ஆளுக்குப் புள்ள எங்கேர்ந்து வந்தான்' என்று கேட்டேன். இத்தனை வருஷம் அவனைக் கண்டால் ஒதுங்கி நின்றவள் நான். 'இப்ப இன்னாதான் வேணும் உனக்கு' என்றான். முனியம்மாளையும் உபதேசியார் ஞானதாஸையும் கூப்பிட்டேன், சேரியே கூடிவிட்டது. அன்றைக்கு நடந்ததை இவர்கள் எதிரில் சொல்லுங்கள், நானும் மகனுக்கு எழுதுகிறேன் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான். கேட்கவில்லை என்றேன். 'ஏசுதாஸ் என் ஆளுதான். நான்தான் எறக்கினேன். அவன் குடிக்கல' என்று உரக்கச் சொன்னான். மறுபடியும் சொல்லச் சொன்னேன். சொன்னான். அம்முலு என் தோளில் சாய்ந்து அழுதாள், எனக்குக் கண்ணீர் வரவில்லை, பசித்தது. அன்றைக்கு வயிறு நிறையச் சோறு தின்றேன்.

படத்தில் ஒன்று பிடிக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் அரக்கனுக்குக் கைகொடுத்துக் கரையேற்றுகிறாள். அந்தக் கதையை எழுதினவர் சொந்த அப்பனைத் தண்ணீரில் தேடியவர் இல்லை போலிருக்கிறது. அம்முலுவின் டிரெயினிங்குக்கு உபதேசியார் மிஷனுக்கு எழுதியிருக்கிறார், அவன் தயவு நமக்கு வேண்டாம். ராத்திரி விளக்கில் வரைந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் வை. உன் நைனா தலை சாய்த்து நிற்கிற மாதிரி ஒரு படம் பெரிய காகிதத்தில் வரைந்து, மறக்காமல் தபாலில் அனுப்பு. கர்த்தர் உன் கையைக் காப்பாராக.

அந்த முகத்தை எடுத்துவிடச் சொல்லி வேதாசலம் கேட்கிறான். உனக்கு எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன், எழுதிவிட்டேன். நீ எடுத்தால் உன்னோடு நான் பேச மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஏ. சிட்டம்மாள்