நீலச் சாயம் ஊற்றிய கிழங்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், வீட்டில் பேச்சுவார்த்தைதான் கொஞ்சம் குறைச்சல். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டதா, விசிறிக்கு நேர் கீழே படுக்கவைக்காதே.

விவசாயிகள் சங்கத்துச் செயலாளர் பெண்டாட்டியே சங்கத்துக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று அப்பா உன்னிடம் போனில் புலம்பியிருப்பார். ஆமாம், போட்டேன். நடந்ததை என் வாயாலும் கேள். விற்காத கிழங்கையெல்லாம் சர்க்கார் இத்தனை வருஷமாக எடைக்கு வாங்கிக்கொண்டது இல்லையா, அதனால் ஊரே எடைக்காகப் பயிர் செய்தது. அந்தக் குண்டு உருளைக்கிழங்கு வெறும் தண்ணீர், வறுத்தால் சொதசொதவென்று கிடக்கும். சர்க்கார் கிடங்கு நிரம்பி வழிகிறது. வாங்கினதை மறுபடி எவனும் கடைக்குக் கொண்டுபோய் விற்றுவிடக் கூடாதென்று நீலச் சாயத்தை ஊற்றிப் பின்பக்கம் மலையாகக் கொட்டுகிறார்கள். மழை பெய்தால் நாற்றம் நம் படுக்கையறைக்கே வருகிறது. இப்போது சர்க்கார், இனி எடைக்கு மானியம் கிடையாது, நிலத்துக்குத் தருகிறோம், கிழங்கைக் குறைத்து வேறு ஏதாவது போடுங்கள் என்கிறது. இந்தத் திட்டத்தில் ஒருத்தரும் சேரக் கூடாது, முறுக்கிக்கொண்டு நின்றால் பழைய மானியமே திரும்பி வரும் என்கிறது சங்கம்.

கூட்டத்துக்கு நானும் போனேன். நம் பக்கத்து நிலத்து லாரிக்காரர் எழுந்து, 'நாம ஊருக்கே சோறு போடுறோம், நம்ம வயித்துல அடிக்கிறாங்களே'ன்னு உருகினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'குண்டுக் கிழங்கை வீட்ல சமைக்கிறவங்க கை தூக்குங்க'ன்னேன். ஒரு கை எழவில்லை. எப்படி எழும், எல்லார் வீட்டிலும் கிணற்றோரமாகச் சமையலுக்கென்று தனியாக ஒரு பாத்தி சிவப்புக் கிழங்கு இருக்கிறதே! நம் வாயில் வைக்காததை விளைவித்துச் சாயத்தில் குளிப்பாட்டுகிறோம், இதற்குப் பேர் சோறு போடுவதா என்று கேட்டுவிட்டேன். மறுநாள் போய்த் திட்டத்தில் சேரக் கையெழுத்துப் போட்டேன். நிலம் என் பேரில் இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும்? அவர்கள் பயத்தைக் குறை சொல்லவில்லைடி, மாறுகிற வருஷம் எல்லாருக்கும் கையைக் கடிக்கும், எனக்கும் கடிக்கும்.

உடனே சங்கம், கிழங்கு தோண்டும் மெஷினை எனக்குத் தரக் கூடாதென்று முடிவு செய்துவிட்டது. மழைக்கு முன்னால் கிழங்கை எடுத்தால்தான் அதே நிலத்தில் பட்டாணி போட முடியும். எடுக்காவிட்டால் மண்ணிலேயே அழுகும், இதுவும் போச்சு, அதுவும் போச்சு. அப்பா வந்து, 'வாபஸ்னு ஒரு வார்த்தை சொல்லு, மெஷின் நாளைக்கே வரும்'னார். மாட்டேன் என்றேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, சாவி என்கிட்டதான் இருக்கு, யாருக்கும் தெரியாம கொண்டுவரவா என்கிறார். அசட்டு மனுஷன்! நான் என்ன திருடியா, கையெழுத்தைப் பட்டப்பகலில் போட்டுவிட்டு மெஷினை ஒளித்து ஓட்டுவேனா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிவிட்டேன். சாலையில் போகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் வேகமாக வெட்டினேன். முதுகு விண்விண்ணென்று வலித்தது, ஒருமுறை அழுகைகூட வந்தது, ஆனால் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

இன்றைக்குக் காலையில் பார்த்தால் பக்கத்து வரிசையில் உங்கப்பா. 'நீ செஞ்சது தப்பு, தப்புதான், சங்கத்துலயும் உனக்கு எதிராத்தான் கை தூக்குவேன்'னு திட்டிக்கொண்டே தோண்டுகிறார். திட்டட்டும். கிழங்கு வெளியே வருகிறது. ஆனால் மேகம் கூடிக்கொண்டிருக்கிறது, பாதி நிலம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

தீர்க்காயுசாக, குழந்தை குட்டியோடு நன்றாக இரு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. குழந்தைக்கு என் முத்தம். லீவு கிடைத்தால் இரண்டு பேரும் உடனே கிளம்பி வாருங்கள். எங்களுக்குச் சமாதானம் பேச யாரும் வர வேண்டாம், தோண்டுவதற்கு வாருங்கள்.

கையெல்லாம் கொப்புளமாக,
வாபஸ் வாங்காத உன் அம்மா