ஃப்ளெக்ஸில் தெரியும் என் இரண்டு கை

கேப்டன்,

நேற்று மத்தியானம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் உன் முகத்தைத்தான் பார்த்தேன். பத்தடி உயரத்துக்குக் 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ், சவுக்குக் கம்பில் கட்டியிருந்தார்கள். நீ போய்விட்ட சேதியை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸ்தான் சொன்னது.

படம் நம் டீம் படம். பதினோரு பேரில் உன்னை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதில் நடுவில் உட்கார்ந்து பந்தை மடியில் வைத்திருந்தவள் நான், என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் நீ. வெட்டியவனுக்குப் பந்து வேண்டியிருந்திருக்கிறது, நான் வேண்டாம். அதனால் உன் பக்கத்தில் பந்தும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு கையும் மட்டும் இருக்கின்றன. முழங்கைக்கு மேல் ஆளே இல்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் ஆத்திரம் வந்தது. அழுகை வரவில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை.

கீழே, 'கோமுகி பெண்கள் கால்பந்துக் கழக நிறுவனர்' என்று போட்டிருந்தது. நிறுவனராம்! அது எப்படிப் பிறந்த கழகம் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். பையன்கள் உதைத்த பந்து ஏரியில் விழுந்தது. நீ பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாய். கரையில் நின்ற என்னிடம் தூக்கிப் போட்டாய், நான் விடாமல் பிடித்தேன். "நீதாண்டி நமக்கு கோலி" என்றாய். டீமே இல்லை, அதற்குள் கோல்கீப்பர் நியமனம் ஆகிவிட்டது. பையன்கள் பந்தைக் கேட்டு வந்தபோது, "எங்களையும் சேத்துக்கினா தரேன். இல்லன்னா வூட்டுக்கு எடுத்துக்கினு பூடுவேன்" என்றாய். அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் புதுப்பந்து வாங்கிக்கொண்டார்கள். பழசு நமக்காயிற்று.

கழகத்துக்கு ஓர் அறை கிடையாது, பூட்டி வைக்க ஒரு பெட்டி கிடையாது. அதனால் நீ முறை போட்டு வைத்தாய். சட்டை நம்பர் வரிசைப்படி பந்து ஒவ்வொரு இரவும் ஒருத்தி வீட்டில் தங்கும். தங்குகிற வீட்டுக்காரி விளக்கெண்ணெய் தடவ வேண்டும், காற்றுப் பார்க்க வேண்டும், மறுநாள் முதல் ஆளாகக் கொண்டுவர வேண்டும். அவள் வராமல் ஆட்டம் கிடையாது. "பந்து எங்க கீதோ அங்கதான் டீம் கீது" என்பாய். மழையோ, காய்ச்சலோ, ஒருத்தியும் அந்த முறையைத் தவறவிட்டதில்லை.

நைனார்பாளையத்தில் ஆடப் போனோமே, அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் நியாயம் தவறியவள் ஆவேன். தலையில் துணி கட்டிக்கொண்டு கோலில் நின்ற என்னைப் பார்த்து ஒருத்தர், "இன்னாது, கோலுக்கு முக்காடா?" என்று கத்தினார். ஊரே சிரித்தது. நீ பந்தைக் காலுக்கு அடியில் போட்டு மிதித்துக்கொண்டு நின்றுவிட்டாய். "அந்த ஆளு எழுந்து போனாதான் ஆடுவோங்க" என்றாய். கடைசியில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு நான் ஒரு கோல்கூட விடவில்லை. எனக்காக ஒருத்தி அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. நீ வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இட ஒதுக்கீட்டுக்காக ரோடு மறியல் நடந்த வருஷம் அது. கடலூரில் மூன்று நாள் போட்டி, அதில் ஆடுகிறவர்களிலிருந்து ஜில்லா டீம் எடுப்பார்கள் என்று தபால் வந்தது. எங்கள் பாத்திரக்கடையில் உட்கார்ந்திருந்த என்னைப் பெற்ற அத்தா உன் எதிரில்தான் சொன்னார்: "ஜில்லா டீம்ல இவ பேரு வந்தா மெட்ராசுக்கு பி.டி. டீச்சருக்கு படிக்க அனுப்பறேன். வரலன்னா உளுந்தூர்பேட்டை சம்பந்தத்துக்கு சரின்னு சொல்லிடுவேன். அதுக்கப்புறம் என்ன கேக்கக்கூடாது." என் வாழ்க்கை எதில் தொங்கிக்கொண்டிருந்தது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் பந்து உன் முறை. ஆனால் நீ கடைக்கு வந்து அதை என் கையில் கொடுத்தாய். "இன்னிக்கி நீயே வெச்சிக்கடி. காலைல மொத வண்டி வேணாம், ரெண்டாவது வண்டியில போலாம். நான் வராம ஒருத்தியையும் ஏத்தாத" என்றாய். கேப்டன் தன் முறையை எனக்குத் தந்தது எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அன்றைக்கு விளக்கெண்ணெயை இரண்டு தடவை தடவினேன்.

விடியும் முன்னால் பத்துப் பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். சின்னப்பொண்ணு உனக்கு நினைவிருக்கும், கல்வராயன் மலையிலிருந்து வந்து ஆடிய பதினோராம் நம்பர். முதல் நாளே மரவள்ளிக்கிழங்கு லாரியில் இறங்கி வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். முதல் வண்டி வந்தது. "ஏறுங்கம்மா, இன்னிக்கி அடுத்த வண்டி போவுமோ போவாதோ" என்றார் கண்டக்டர். சின்னப்பொண்ணு படியில் கால் வைத்துவிட்டாள். நான்தான் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "கேப்டன் வரட்டும். பந்து நம்பகிட்டதான கீது, வராம எங்க போவா?" என்றேன். பந்து கையில் இருந்ததால் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. வண்டி போய்விட்டது.

ஆறு மணிக்குத் தியாகதுருகம் ரோட்டில் புளியமரங்களைச் சாய்த்துவிட்டதாகச் சேதி வந்தது. அதோடு ஒரு வாரம் எந்தப் பக்கமும் வண்டி இல்லை. உன் ஊர் கச்சிராயபாளையத்து ரோட்டிலும் மரம் சாய்ந்து, வரும் வழியில் நீ மாட்டிக்கொண்டாய் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். "பாவம்டி கேப்டன்" என்று உனக்காக அழுதவர்கள்கூட உண்டு. சின்னப்பொண்ணு மலைக்கு நடந்தே போனாள். என் கல்யாணம் அடுத்த மாதம் நடந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், அதில் குறை சொல்ல மாட்டேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், பாத்திரம் சுற்றக் கடைக்கு வாங்கிப் போட்டிருந்த பழைய பேப்பரில் உன்னைப் பார்த்தேன். நாங்கள் போகாத அந்தப் போட்டியில், கடலூர் டீமின் சட்டையில், கழுத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை.

அப்புறம் ஐந்து வருஷம் கழித்து, உளுந்தூர்பேட்டையில் நாங்கள் நடத்திய சாப்பாட்டுக் கடை வாசலில் உங்கள் ரயில்வே டீம் வேன் வந்து நின்றது. விளையாட்டுக் கோட்டாவில் உனக்கு ரயில்வே வேலை. என்னைப் பார்த்ததும் "கோலி!" என்று கட்டிக்கொண்டாய். பரோட்டா வைத்தேன். மாடிக்குப் போய் அந்தப் பேப்பரை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நீ அதை விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்தாய். அப்புறம் சொன்னாய்: "நம்ப டீம் வராம இருந்தாதான் கடலூர் டீம்ல என்ன ஆட வுடுவாங்க. ரூலு அப்பிடி. நம்ப கூட ஆடியிருந்தா மொத ஆட்டத்துலயே தோத்திருப்போம். என்ன யாருடி பாத்திருப்பாங்க?"

"மறியல் ஒனக்கு முன்னாடியே தெரியும், அதான் ராத்திரியே கடலூருக்கு பூட்ட, இல்ல?"

"எங்க அண்ணன் சொல்லிச்சி, அதுவும் மறியல்ல இருந்துச்சி. வெளில சொன்னா அத போலீசு புடிச்சிக்கினு பூடும்."

"மறியலப் பத்தி நீ சொல்ல வேணாம். மொத வண்டியில போங்கடின்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

நீ பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. "அண்ணன் ரோட்ல குந்திக்கினு பங்கு கேட்டுது. நான் ஆடி வாங்கிக்கினேன். அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்கு."

"ஒன் பங்க எடுத்துக்கினே, சரி. என் பங்க ஏண்டி தடுத்தே?"

டிரைவர் ஹாரன் அடித்தார். நீ கை கழுவிக்கொண்டு போனாய். அதற்கப்புறம் ஒரு கடுதாசி இல்லை, ஒரு போன் இல்லை. நானும் தேடவில்லை. கூடவே இருந்து குழி பறித்தவளை எங்கே போய்த் தேடுவது?

நேற்று அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பொம்பளை நின்று அழுதுகொண்டிருந்தாள். கிட்டே போனால் சின்னப்பொண்ணு! தலை பாதி வெளுத்திருக்கிறது. மலைக்கு வரும் பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம், அதற்காகவே இறங்கி வந்திருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கி மரத்துக்கு அந்தாண்ட மாட்டிக்கினு அக்கா எவ்ளோ தவிச்சிருக்கும், இல்லக்கா?" என்றாள்.

உண்மை வாய் வரைக்கும் வந்தது. "ஆமாண்டி" என்றேன். பார், உன் பக்கம் வந்த பந்தை இன்னமும் நான்தான் தடுத்துக்கொண்டிருக்கிறேன். உனக்காகவா என்றால், இல்லை. அன்றைக்குப் படியிலிருந்து அவளை இழுத்த கை என்னுடையது. உன்னைக் காட்டிக் கொடுத்தால் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "இது ஒங்க கையிதானக்கா? சுண்டு வெரலு கோணலா கீதே" என்றாள். அத்தனை கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது. உனக்காக இல்லை.

"பந்து யாருகிட்டக்கா கீது இப்ப?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம்தான் இருக்கிறது. இன்று காலையிலும் விளக்கெண்ணெய் தடவினேன், தோல் இன்னும் வெடிக்கவில்லை. நீ பத்தாம் நம்பர். முறைப்படி உனக்கு அடுத்து பதினோராம் நம்பர் சின்னப்பொண்ணு வீட்டுக்குத்தான் அது போக வேண்டும். கொடுத்துவிடலாம் என்று ஒரு பையில்கூட எடுத்து வைத்தேன். கொடுத்தால் உன் முறை முடிந்துவிடும், கேப்டன். பையிலிருந்து எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன்.