ஐம்பத்து மூன்று மூட்டை

ராயபுரம்,
வியாழன் காலை.

அன்புள்ள ரெஜினா அக்காவுக்கு,

தங்கை அடைக்கலமேரி எழுதுவது. மடத்தில் நீயும் மற்றக் கன்னியர்களும் சுகமென்று நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரர் தாமசுக்கு மூச்சிழுப்பு கொஞ்சம் தணிந்திருக்கிறது. வேலைக்குத்தான் இன்னும் போக முடியவில்லை. மகள் ஜானட் பரீட்சைக்குப் படிக்கிறாள். உங்கள் மடத்தில் போன் கிடையாதே என்று நேற்று முதல்முறையாக அழுதேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ எழுதியிருந்தாய், நேரமில்லை என்று சொல்லாதே, வேலைக்கு நடுவிலாவது தினம் செபமாலை உருட்டி ஐம்பத்து மூன்று மணி செபம் சொல், மனசு நிற்கும் என்று. உனக்கென்ன, மணியடித்தால் செபம், மணியடித்தால் சோறு. எனக்குத் திருவொற்றியூர் பஸ்ஸில் நிற்கவே இடம் கிடைக்காது. ஆனாலும் ஆரம்பித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், குடோன் வாசலில் உட்கார்ந்து பத்து நிமிஷம். நாள் முழுக்க ஓடுகிறவளுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே, லாரியில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது. உள்ளங்கையில் அடங்குகிற கவுண்டர், மூட்டைக்கு ஒரு அழுத்து. போன வாரம் என் செபமாலை அறுந்துவிட்டது. விரலில் எண்ணியிருக்கலாம். நான் கவுண்டரிலேயே எண்ணினேன். பிறகு சீட்டில் எழுதும்போது ஐம்பத்து மூன்றைக் கழித்துவிடுவேன். மூன்று நாள் சரியாகக் கழித்தேன்.

நாலாம் நாள் துவரம்பருப்பு. செபம் முடியவும் அடுத்த லாரி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. எல்லாம் பிரித்து மறுபடி கட்டிய மூட்டைகள் என்பதால் என் சீட்டைத் தவிர வேறு கணக்கு கிடையாது. இந்தத் திங்கட்கிழமை வெளியே ஏற்றும்போது ஐம்பத்து மூன்று மூட்டை குறைந்தது. குடோன் சாவி என்னோடு வேலை செய்யும் மொஹ்சினிடம் இருக்கும். மேனேஜர் வேறு யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்று பத்து மணிக்குப் போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள்.

எனக்கு உறைத்தது செவ்வாய் சாயங்காலம்தான். குடும்ப செபம் முடிந்து ஜானட் தன் செபமாலையை முத்தமிட்டு மடித்தாள். அந்த நாலாம் நாள் சீட்டில் நான் ஐம்பத்து மூன்றைக் கழிக்க மறந்திருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பாவி நான்தான் அக்கா.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாய மூடிக்கினு கெட மேரி. உன் சம்பளத்துலதான் வூடு ஓடுது. செபம் பண்ணதுல கணக்கு வுட்டுட்டேன்னு சொன்னா சிரிப்பானுங்க, வேலையும் பூடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நானும்தான்.

நேற்றுக் கொருக்குப்பேட்டையில் மொஹ்சின் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடத்தான் போனேன். அவன் மனைவி ஜஸீமாவுக்கு ஏழு மாசம். டீ போட்டுக் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் லோடு ஆட்கள் சத்தம் போட்டால், "மேரியக்கா ஓதிக்கினு கீதுபா, அப்பால போங்க" என்று விரட்டுகிறவன் அவன். நான் வாயைத் திறப்பதற்குள், "அக்கா, தெனம் ஓதுறியே, எனக்காவும் ஒரு தபா ஓது. நான் எடுக்கலன்னு ஆண்டவனுக்குத் தெரியும்" என்றான். சரி என்று தலையாட்டினேன். டீயை முழுசாகக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மணிகூடச் சொல்ல முடியவில்லை. "அருள் நிறைந்த" என்று தொடங்கினாலே அவன் முகம் வந்து நிற்கிறது.

இப்போது மணி ஏழரை. இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போகிறேன். தாமசிடம் சொல்லவில்லை. வேலை போகும் என்றுதான் நினைக்கிறேன். ஜானட்டை எப்படிக் காலேஜில் சேர்ப்பாய் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. வழியில் கால் திரும்பிவிடுமோ என்பதுதான் இப்போது பெரிய பயம். உனக்கு எழுதிவிட்டால் திரும்ப முடியாது, அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

இது உன் கைக்கு வர நாலு நாள் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் வேண்டிக்கொள். முதலில் மொஹ்சினுக்கு, ஜஸீமா வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு. அப்புறம் எனக்கு. எத்தனை என்று மட்டும் எண்ணாதே அக்கா.

உன் தங்கை,
அடைக்கலமேரி