வேலை விண்ணப்பத்தோடு போன பட்டா

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். உறுதியானது: உத்தனப்பள்ளி சாலையிலிருந்து உள்ளே தள்ளி வரவிருக்கும் தொழிற்பேட்டைக்கான நிலத்துக்கு ஆட்சேபனை விசாரணை, வெள்ளி காலை 11. ஆதாரம்: நிலமெடுப்பு அலுவலக அறிவிப்புப் பலகை. நேரில் பார்த்தேன். பட்டியலில் கௌரம்மா பெயர் இல்லை. இரண்டு ஏக்கர் ரோஜாத் தோட்டம் அவருடையது. ஆட்சேபனை மனுவைப் போன மாதமே பதிவுத் தபாலில் அனுப்பியவர், ரசீதைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்தரிடம் கேட்டேன். நிமிரவில்லை.

"அவங்க சம்மதம் குடுத்துட்டாங்க சார். அப்புறம் எதுக்கு விசாரணை?"

கடிதத்தைக் காட்டச் சொன்னேன்.

"தகவல் உரிமைல போடுங்க. முப்பது நாள்ல வரும்."

விசாரணைக்கு நான்கே நாள்.

வண்டியை எடுப்பதற்குள் போன். ரமேஷ், தொழிற்பேட்டைக்கு நிலம் கேட்கும் கம்பெனியின் வேலைகளை அரசு அலுவலகங்களில் முடித்துக் கொடுப்பவர். "என்னங்கண்ணா, மழைல அலையுறீங்க? எங்கிட்ட கேட்டா சொல்ல மாட்டனா?" எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மறைக்க அவரும் மெனக்கெடவில்லை.

வாங்க: பி.பி. மாத்திரை, ரீஃபில். குடைக் கம்பி சரிசெய்ய.

நவ. 4, செவ்.

கௌரம்மா தோட்டம். ரோஜாக் கட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் செய்தி எழுதும் பேப்பர்.

"உங்களுதுதான் சார் நல்லா ஈரம் இழுக்குது. நெசமாத்தான் சொல்றேன்."

சம்மதக் கடிதம் எதிலாவது கையெழுத்து? "சத்தியமா இல்லீங்க."

உள்ளிருந்து மகள் பவித்ரா: "என் அப்ளிகேஷன்ல போட்டியேம்மா."

ஆடியில் கம்பெனி ஊரில் வேலை முகாம் நடத்தியிருக்கிறது. நிலம் உள்ள வீட்டுப் பெண்களுக்கு முன்னுரிமை. பட்டா ஜெராக்ஸும் பட்டாதாரர் கையெழுத்தும் வேண்டும் என்றார்களாம். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா ஜெராக்ஸ் மூன்றும் ஒரே பிளாஸ்டிக் கவரில் எல்லா வீட்டிலும் தயாராக இருக்கும். யார் கேட்டாலும் ஒரு செட். எதற்கு என்று கேட்கும் வழக்கம் இல்லை. தெருவே கொடுத்திருக்கிறது.

"ஒரு தாள் மட்டும் காலியா இருந்துச்சு சார். அடியில கையெழுத்துப் போடுங்க, மேல நாங்க டைப் பண்ணிக்கறோம்னாங்க" என்றாள் பவித்ரா.

கௌரம்மா மகளைத் திட்டவில்லை. "வேலைன்னுதானடி..." என்று நிறுத்தி, அடுத்த கட்டை எடுத்தார்.

வேலை? "ஃபோன் பண்றோம்னாங்க."

நவ. 5, புதன்

குளிர். கௌரம்மாவோடு அலுவலகம். நிலத்துக்காரரே கோப்பைக் கேட்டதால் எழுத்தரால் தட்ட முடியவில்லை. சம்மதக் கடிதம் இருக்கிறது. மேலே தட்டச்சு, அடியில் அவர் கையெழுத்து. பின்னால் பட்டா நகல், அதன் மூலையில் சிவப்பு மையில் ஓர் எண். முகாமில் பவித்ராவுக்குத் தந்த ஒப்புகைச் சீட்டிலும் அதே எண். இரண்டு முறை சரிபார்த்தேன். கம்பெனிக்குக் கொடுத்த தாள் அரசுக் கோப்பில்.

"கையெழுத்து உங்களுதுதானம்மா?" என்றார் எழுத்தர்.

"ஆமாங்க. பொண்ணு வேலைக்குப் போட்டது."

"அப்படின்னு இதுல இல்லியே."



நவ. 6, வியா.

செய்தி அனுப்பினேன். கம்பெனி பதில் இல்லாமல் போட முடியாது என்றார் ஆசிரியர். நியாயம். ரமேஷிடம் கேட்டேன்.

"பதில் என்னங்கண்ணா பதில். பவித்ராவுக்கு வேலை ஆர்டர் ரெடி. திங்கக்கெழம டூட்டி. நல்ல செய்தியாப் போடுங்க."

பவித்ராவின் பெயரை நான் சொல்லவே இல்லை.

மாலை பவித்ரா போன். இரண்டு பேர் ஆர்டரோடு வந்து, முற்றத்தில் நிற்கிறார்களாம். "வாங்கிக்கினா சம்மதம்னு ஆயிடுமா சார்?" தெரியாது என்றேன். எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஆர்டரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நவ. 7, வெள்ளி

விசாரணை இருபது நிமிடத்தில் முடிந்தது. கௌரம்மாவை உள்ளே விடவில்லை. சம்மதத்தைத் திரும்பப் பெறும் மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினோம். அந்தத் தெருவிலிருந்து வேறு யாரும் வரவில்லை. ஒருவர் போனில்: "எங்க வீட்டுக்கும் ஆர்டர் வந்துருக்குதுங்க. எங்கள உட்டுருங்க."

கம்பெனியின் எழுத்துப்பூர்வ பதில்: இன்னும் இல்லை. செய்தி அச்சேறாமல் நிற்கிறது.

மனு மீது உத்தரவு: இரண்டு வாரத்தில் என்றார் அதிகாரி. வாய்மொழிதான்.

அளவைக் கல் நட ஆட்கள்: திங்கள் காலை ஏழு மணி, கௌரம்மா தோட்டத்திலிருந்து தொடக்கம். ஆதாரம்: கிராம உதவியாளர். கம்பெனி பஸ் ஊருக்கு வருவது ஏழேகால். ஏறுவாளா என்று பவித்ரா இன்னும் சொல்லவில்லை.