மாதுளம்தோல் இல்லாத கிண்ணம்

அக்கா,

நீண்ட ஆலோசனைக்குப் பின், ஆய்வுக்கூட ஜன்னலில் காய்ந்த மாதுளம்தோல் முழுவதையும் குப்பையில் போடுவதென்று இன்று காலை பதினொன்று பத்துக்கு முடிவெடுத்தேன். எதிர்ப்பு இல்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கிண்ணத்தில் தோலின் துவர்ப்புச் சத்தை விட்டதும் மார்பகப் புற்றுச் செல்கள் கூண்டோடு செத்தன என்று போன வாரம் உனக்குப் போன் போட்டுக் குதித்தேன் அல்லவா? நீயும், "அப்ப எனக்கு எதுக்குடி ஊசி? தோலை வேகவச்சுக் குடிச்சுக்கறேன்" என்று ஆஸ்பத்திரித் தேதியை ரத்து செய்துவிட்டாய்.

ஒப்பிடுவதற்காக வைத்த பக்கத்துக் கிண்ணத்தை இன்றுதான் பார்த்தேன். அதில் தோல் சத்து கிடையாது, அதைக் கரைக்கும் ஆல்கஹால் மட்டும்தான். அங்கேயும் ஒரு செல் மிச்சமில்லை. இரண்டிலும் ஆல்கஹாலை வேண்டியதைவிடப் பத்து மடங்கு ஊற்றியிருக்கிறேன். ஆக, மாதுளம்தோல் அபாரமான மருந்து. தோலே இல்லாவிட்டாலும் வேலை செய்கிறது.

சின்ன வயதிலிருந்து நீ எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் இப்போது சோதனையில் நிரூபணமாகிவிட்டது. "வாயில வைக்க முடியலடி" என்றாயே, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு.

ஆஸ்பத்திரியில் பேசிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு உனக்கு ஊசி. எட்டேகாலுக்கு வண்டியோடு உன் வாசலில் நிற்பேன்.

உன்,
அவசரக்குடுக்கை