நேற்று என்ன செய்தாய்?

மார்ச் 9, வியாழன், காலை ஏழு மணி. அறையில் நாற்காலி இரண்டு, ஆள் நான் ஒருவன்.

அம்மாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி?

வேலை போகவில்லை, போகப் பார்த்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குக்கு மென்பொருள் செய்கிறோம். என்ன தேவை என்று கேட்டு வருவது என் பொறுப்பு. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, "ஒண்ணும் வேண்டாம் தம்பி, நல்லாத்தான் இருக்கு" என்றார். நானும் எனக்குத் தோன்றியதைச் செய்து கொடுத்தேன். ஒருத்தரும் தொடவில்லை. மேலாளர், "இன்னும் ஒரு வாரம்தான்" என்றார்.

கேள்வியை மாற்றினேன். "நேத்து என்ன செஞ்சீங்க அக்கா?"

"காலாவதியான மருந்தைத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு."

அதைத் தேடித் தரும்படி மென்பொருளை மாற்றினோம். நேற்று அக்கா பார்த்துவிட்டு, "இதை முதல்லயே கேட்கிறதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா?" என்று திட்டினார். மேலாளர் சிரித்துவிட்டார். வேலை நிலைத்தது.

நீயும் போனில் "ஒண்ணும் வேண்டாம்டா" என்றே சொல்கிறாய். என் பழைய போர்வையை அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் அனுப்பு. பஸ்ஸுக்கு நேரமாகிறது. இனி நான் செய்யப்போவது:

1. ஞாயிறு கூப்பிடுவேன்.
2. "நல்லா இருக்கியா" என்று கேட்கமாட்டேன்.
3. முந்தின நாள் மாடிப்படியை எப்படி ஏறினாய் என்று கேட்பேன்.
4. அதே மாதிரி நீ என்னைக் கேட்டால், நானும் உண்மையைச் சொல்வேன்.